பெயரால் விளைந்த பிணக்கு

மொழி கற்பிப்பவர் ஒரு சொல்லில் இடறி விழுந்தால் பிறர் நகைப்பர். சென்ற கல்வியாண்டில் நாம் அவ்வாறு இடறினோம். வேறொருவர் வாயால் அது வெளிவருவதைக் காட்டிலும், துறையின் மலரில் நாமே எழுதிவிடுவது நன்று எனத் தோன்றியது.

கல்லூரிகளுக்கிடையிலான கலைப்போட்டிக்கு மாணவர்கள் அளித்த பாடற்பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. மேலையிசைப் பிரிவில் ஒரு மாணவர் ‘லூசிங் மை ரிலிஜியன்’ என்று எழுதியிருந்தார். ஆர்.இ.எம். என்னும் அமெரிக்க இசைக்குழுவினர் 1991 ஆம் ஆண்டு வெளியிட்ட பாடல் அது. உடனிருந்த பெரியவர் ஒருவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். “மார்க்கத்தைத் தொலைக்கிறேன் என்று மேடையேறிப் பாடுவதற்கா, பேராசிரியரே, நம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம்?” என்று தணிந்த குரலில் கேட்டார். கேட்க வேண்டிய வினாவைத்தான் அவர் கேட்டார். நாம் விடை தேடவில்லை. சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தோம். மாணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “வேறு பாட்டு எழுதிக்கொண்டு வாரும் தம்பி” என்று அனுப்பிவிட்டோம்.

கோடு இழுத்த பின்னரே பாடலைக் கேட்டோம். நினைக்க நாணமாக இருக்கிறது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மக்கள் நாவில் வழங்கும் ஒரு மரபுத்தொடர் அது. ஞாயிறுதோறும் தவறாமல் தேவாலயம் செல்லும் நல்ல மனிதரும் தம் ஒழுக்கம் மறந்து வெடித்துவிடும் அளவுக்கு ஒரு செய்தி அவரைச் சோதிக்குமாயின், அந்நிலையை அவ்வூரார் ‘மதத்தை இழத்தல்’ என்பர். பொறுமையின் கடைசி எல்லைக்கு வந்துவிட்டேன், இனித் தாங்காது என்பதே அதன் பொருள். இறைமறுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாடலை எழுதிப் பாடிய மைக்கேல் ஸ்டைப் பேட்டிகளில் இப்பொருளையே கூறியிருக்கிறார். ஒருவர் மற்றொருவர்பால் கொண்ட அன்பு திரும்பி வராத நிலையே பாடலின் பொருள் என்பதும் அவர் தந்த விளக்கம். எதிர்நிற்பவர் மனம் தெரியாமல், அவர்தம் சிறு அசைவையும் குறிப்பாகக் கொண்டு, தன் உள்ளத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று தானே அஞ்சிக் குமையும் ஒருவனின் குரல் அதில் கேட்கிறது.

தமிழில் இதற்குக் கைக்கிளை என்று பெயர். தொல்காப்பியர் ஏழு திணைகளுள் முதலாவதாக வைத்தது. மார்க்கத்துக்கு ஊறு செய்யும் எனக் கருதி நாம் அடித்துவிட்ட பாடல், நாமே ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி நடத்தும் பாடப்பொருள்!

‘அவன் எனக்குத் தண்ணீர் காட்டிவிட்டான்’ என்று ஒருவர் புலம்பும்போது, அவர் தாகம் தீர்ந்தது என்று பெயர்த்தெழுதும் மொழிபெயர்ப்பாளரை என்னென்பது? ‘உயிரை வாங்காதே’ என்பதைக் கொலைவழக்குக்குச் சான்றாகக் கொள்வாரை என்னென்பது? பிறர் நம் மொழிக்கு இதனைச் செய்தால் நாம் பொங்கி எழுவோம். நம் துறையில் முதலாண்டு மாணவர்க்கு ‘ஆயிர மசலா’வை அறிமுகம் செய்யும் நாளில் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு எழுவது வழக்கம். வண்ணப்பரிமளப் புலவர் 1572 இல் அரங்கேற்றிய அந்நூலின் பெயரைக் கேட்டதும் அடுக்களையின் மசாலா அவர்கள் நினைவுக்கு வந்துவிடுகிறது. மசலா என்பது வினா என விளக்கி, பெயரைக் கொண்டு நூலை எடைபோடாதீர் எனப் பல ஆண்டுகளாக அறிவுரை கூறி வருகிறோம். அவ்வறிவுரை நமக்குப் பயன்படவில்லை.

கழுவாயாகவேனும் அப்பாடலின் வரலாற்றைத் தேடினோம். தேடத் தேட, அதனைக் கல்லூரி மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது என்னும் எண்ணமே வலுத்தது.

மாற்று ராக் என்னும் பெயர் ஓர் இசையிலக்கணத்தைக் குறிப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இசை வழங்கிய இடத்தைக் குறிப்பதாகவே தோன்றுகிறது. 1980களில் அமெரிக்காவின் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களும் வணிக வானொலிகளும் பொருட்படுத்தாத குழுக்கள், சிறு நிறுவனங்கள் வாயிலாகத் தம் பாடல்களை வெளியிட்டன. அவற்றை ஒலிபரப்பியவை பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர்களே நடத்திய வானொலி நிலையங்கள். விளம்பரப் பணமில்லாத அந்நிலையங்களில் மாணவர் எவராவது ஒரு தட்டை விரும்பினால் போதும், அது ஒலிக்கும். ஆர்.இ.எம். அவ்வாறு வளர்ந்த குழு. ஜார்ஜியா மாநிலத்தில், பல்கலைக்கழகத்தைச் சுற்றி அமைந்த ஏதென்ஸ் என்னும் ஊரே அதன் பிறப்பிடம். ஸ்டைப் அப்பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்ற மாணவர். கித்தார் வாசித்த பீட்டர் பக் இசைத்தட்டுக் கடையொன்றின் பணியாளர். மைக் மில்ஸும் பில் பெர்ரியும் பள்ளிக் காலந்தொட்டு நண்பர்கள். 1980 ஏப்ரல் 5 ஆம் நாள் ஒரு பிறந்தநாள் விருந்தில் நால்வரும் முதன்முதலாகக் கூடி வாசித்தனர். அவ்விருந்து நடந்த இடம், வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயக் கட்டடம் ஒன்று.

1988 இல் அவர்கள் வார்னர் பிரதர்ஸ் என்னும் பெருநிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவ்வாண்டு வெளிவந்த தொகுப்புக்காக 1989 முழுவதும் ஊர் ஊராகச் சுற்றிப் பெரிய அரங்குகளில் வாசித்தனர். ஊர் திரும்பியபோது பக் மின்கித்தாரில் சலிப்புற்றிருந்தார். ஒரு மாண்டலினை வாங்கினார்.

மாண்டலின் என்றதும் நமக்குக் கருநாடக இசைமேடையில் மின்மாண்டலினை மடியிலிருத்தி அமர்ந்திருந்த உ. சீனிவாஸ் நினைவுக்கு வருவார். 2014 இல் மறைந்த அம்மேதையின் விரல்களோடு ஒப்பிடுவதற்கு இங்கு ஒன்றுமில்லை. பக் அக்கருவியில் தொடக்க மாணவர். எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக நான்கு இணைகளாய் அமைந்த கருவி. கித்தார் பழகிய விரல்களுக்கு முற்றிலும் வேறான அமைப்பு. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பழகுவார். பழகுவதை ஒலிநாடாவில் பதிந்தும் வைப்பார். ஒருநாள் முந்தைய இரவின் நாடாவைத் திருப்பிக் கேட்டபோது, தட்டுத் தடுமாறி வாசித்த பகுதிகளுக்கு நடுவே ஓர் இசைத்தொடர் பளிச்சென்று நின்றது. அதனையடுத்து மீண்டும் தடுமாற்றம். உலகம் பின்னாளில் முணுமுணுத்த மெட்டு அந்நடுப்பகுதிதான். பயிற்சியை வீண்வேலை என்று கருதும் மாணவர் இவ்விடத்தைச் சற்றே நின்று படிப்பாராக.

1990 ஜூலையில் அம்மெட்டைச் சொற்கள் இன்றி முன்மாதிரியாகப் பதிவு செய்தபோது அதற்கு அவர்கள் இட்ட அடையாளப் பெயர் ‘கரும்பு’. அப்பெயரே நிலைத்திருந்தால் பெரியவர் கேட்டிருக்க மாட்டார், நாமும் கோடு இழுத்திருக்க மாட்டோம், இக்கட்டுரையும் பிறந்திராது.

முறையான ஒலிப்பதிவு அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்து வுட்ஸ்டாக்கை அடுத்த பியர்ஸ்வில் பதிவுக்கூடத்தில் நடந்தது. ஸ்காட் லிட் குழுவினரோடு சேர்ந்து தயாரித்தார். மாண்டலின் உயர்ந்த குரல் உடையது. மில்ஸின் பாஸ் கித்தார் தாழ்ந்த குரல் உடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் தெரிந்தது. பீட்டர் ஹோல்சாப்பிள் என்னும் நண்பர் மின்சாரமில்லாக் கித்தாரால் அதனை நிரப்பினார். ஸ்டைப் தம் பகுதியை ஒரே மூச்சில் பாடி முடித்தார் என்பர். அக்டோபரில் அட்லாண்டா நகரத்துச் சிம்பனிக் குழுவின் கலைஞர்கள் வயலின் முதலிய தந்திக்கருவிகளின் இசையைச் சேர்த்தனர். வேண்டியதை வேண்டிய அளவுக்குச் சேர்த்து, வேண்டாததைத் தொடாமல் விட்ட கைகளின் வேலை அது. இன்று கேட்கும்போதும் மிகையாக ஒரு நரம்பும் ஒலிப்பதாகத் தெரியவில்லை.

அடுத்து வணிகம். ஒரு தொகுப்பு வெளிவருமுன் அதிலிருந்து ஒரு பாடலைத் தனியே வெளியிடுவது மேலைநாட்டு வழக்கம். தெருக்கூத்தில் அரசன் வருமுன் கட்டியங்காரன் வந்து அவன் வருகையைச் சொல்வானே, அதுபோல. கட்டியங்காரன் குரல் எடுபடாவிட்டால் அரசனைப் பார்க்கக் கூட்டம் நில்லாது. ஆதலின் நிறுவனங்கள் மிக்க கவனத்தோடு தேர்ந்தெடுக்கும். திரும்பத் திரும்ப வந்து நெஞ்சில் ஆணியடிக்கும் பல்லவி வேண்டும்; மின்கித்தார் முழங்க வேண்டும்; நேரம் சுருக்கமாக இருக்க வேண்டும். குழுவினர் நீட்டிய பாடலோ ஏறத்தாழ நான்கரை நிமிடம் ஓடியது. வழக்கமான பல்லவி அதில் இல்லை. தலைமைக் கருவி மாண்டலின். அதனை முதற்பாடலாக வெளியிடுவது குறித்து நிறுவனத்தில் நெடுநேர விவாதங்கள் நடந்தன. குழுவினர் விட்டுக்கொடுக்கவில்லை. 1991 பிப்ரவரியில் பாடலும், மார்ச்சில் ‘அவுட் ஆஃப் டைம்’ என்னும் தொகுப்பும் வெளிவந்தன.

இன்னொரு பிடிவாதமும் இருந்தது. தொகுப்புக்காகச் சுற்றுப்பயணம் செய்வதில்லை எனக் குழுவினர் முடிவு செய்தனர். விற்பனைக்கு அக்காலத்தில் தலையாய வழி சுற்றுப்பயணமே, அதனையே அடைத்துவிட்டனர். சில வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தோன்றியதோடு சரி. அவற்றுள் குறிப்பிடத்தக்கது, 1991 ஏப்ரலில் எம்.டி.வி. தொலைக்காட்சிக்காக மின்கருவிகளை விலக்கிவிட்டு வாசித்தது. நிறுவனத்தின் விளம்பரப் பிரிவினரும் பாடலை எடுத்த எடுப்பில் பெருவானொலிகளிடம் கொண்டுசெல்லவில்லை. முதலில் வளாக வானொலிகள், புதுமை ராக் ஒலிபரப்பும் நிலையங்கள் ஆகியவற்றில் நிலைபெறச் செய்தனர். ஆங்கே வேர்விட்ட பின்னரே வெகுமக்கள் நிலையங்களின் கதவைத் தட்டினர். முதலில் மாணவர் காதுக்கும் பிறகே சந்தைக்கும் என்னும் இவ்வரிசையில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. நம் கல்லூரிகளில் இன்று இது தலைகீழ். சந்தை முடிவு செய்த பாடலே ஆண்டுவிழா மேடைக்கு வருகிறது.

ஜூன் மாதத்தில் ‘பில்போர்டு’ இதழின் அமெரிக்கப் பாடல் வரிசையில் அது நான்காம் இடத்தை எட்டியது. தொகுப்பு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது.

விளம்பரத்தில் ஒரு கிளைக்கதையும் உண்டு. குறுந்தகடுகள் அந்நாளில் நீண்ட அட்டைப்பெட்டியில் வைத்து விற்கப்பட்டன. தகட்டை எடுத்ததும் குப்பைக்குப் போகும் பெட்டி அது. இத்தொகுப்பின் பெட்டியில், ஓட்டுநர் உரிமம் பெறச் செல்லும்போதே வாக்காளராகவும் பதிவு செய்துகொள்ள வழிசெய்யும் சட்டத்தை ஆதரிக்கும் விண்ணப்பம் அச்சிடப்பட்டிருந்தது. வாங்கியவர் கத்தரித்துக் கையொப்பமிட்டுத் தம் செனட் உறுப்பினருக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் அவை சென்று குவிந்தன. 1992 இல் அம்மசோதாவைக் குடியரசுத் தலைவர் புஷ் மறுத்தார். 1993 இல் கிளின்டன் கையொப்பமிட்டுச் சட்டமாக்கினார். பாட்டுப் பெட்டியின் அட்டையால் மட்டும் சட்டம் வந்தது என்று நாம் சொல்லவில்லை. வீசியெறியும் அட்டையில் இளைஞரின் வாக்குரிமைக்கு இடம் கண்டவர்களின் மதிநுட்பம் பாராட்டத்தக்கது என்றே சொல்கிறோம்.

பாடலுக்கென எடுத்த காட்சிப்படத்தைப் பற்றி நமக்கு இருமனம். அதனை இயக்கியவர் பஞ்சாபின் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். இந்தியத் திரைப்படங்களில் காணும் உணர்ச்சிப் பெருக்கும் கனவுத் தன்மையும் தம் படத்தில் அமைய வேண்டும் என அவர் விரும்பினார். கார்சியா மார்க்கேஸ் எழுதிய, சிறகு முளைத்த கிழவரைப் பற்றிய சிறுகதையும், இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் இருளும் ஒளியும் கலந்த ஓவியங்களும் அவருக்குத் துணையாயின. அதுவரை காட்சிப்படங்களில் வாயசைத்து நடிக்க மறுத்துவந்த ஸ்டைப் இதில் இசைந்தார். மழை சொட்டும் சாளரம், கீழே விழுந்து உடையும் பாற்குடம், தனியறையில் தன்னை மறந்து ஆடும் ஒருவர். ஏகாந்தத்தின் துன்பத்தை இவை உணர்த்துகின்றன என்பதில் ஐயமில்லை. 1991 இல் எம்.டி.வி. அப்படத்துக்கு ஆண்டின் சிறந்த படம் என்னும் பரிசு உட்பட ஆறு பரிசுகளை வழங்கியது. 1992 இல் கிராமி விருதுகளும் வந்தன.

ஆனால் அப்படத்தில் அம்பு தைத்த கிறித்தவத் தியாகியும், சிறகிழந்து வீழ்ந்த கிழவரும், நம் நாட்டு நாட்காட்டிப் படங்களை நினைவூட்டும் தெய்வக் கோலங்களும் அடுத்தடுத்து வருகின்றன. பாட்டில் இவற்றுள் எதற்கும் இடமில்லை. பேச்சுவழக்கில் வெறும் பொறுமையிழப்பைக் குறித்த சொல்லுக்கு, அதன் நேர்ப்பொருளையே படமாக்கிக் காட்டிவிட்டது இக்காட்சி. மரபுத்தொடர் அறியாத உலகத்தார் படத்தைக் கண்டு, ஆம், மதத்தைப் பற்றிய பாடல்தான் என முடிவு கட்டியதில் வியப்பென்ன? விளம்பரம் பாடலை உலகெங்கும் கொண்டுசென்றது. போகும் வழியில் அதன் பொருளைச் சற்றே மாற்றியும் விட்டது என்பது நம் கருத்து. ஆகவே பெரியவர் கேட்ட வினாவில் தவறில்லை என மீண்டும் சொல்கிறோம். நாமோ அப்படத்தையும் பார்த்தவரல்லர். வெறும் மூன்று சொற்களைப் படித்துத் தீர்ப்பு எழுதினோம்.

‘தமிழ்த்துறை மலரில் அயல்நாட்டு ராக் பாடலுக்கு ஏன் இத்தனை பக்கம்?’ என நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பாடலைப் புகழ்வதற்காக அன்று. மாணவர் ஒருவர் தம் விருப்பத்தை எழுதிக் கொடுத்தால் அதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. காரணம் அறியாமல் ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை உண்டா? மாணவர் நம்மைவிட அதிகம் அறிந்திருந்த ஒரு பொருளில் நாம் அவர் வாயை மூடினோம். இளைஞர் கேட்கும் இசையில் கீழ்த்தரமானவை இல்லாமலில்லை. அவற்றைத் தடுக்கத்தான் வேண்டும். ஆயினும் கேளாமலே தடுப்பவர் சொல்லுக்கு, கேட்டுத் தடுக்க வேண்டிய நாளில் மதிப்பு இராது.

ஆர்.இ.எம். குழு 2011 இல் கலைந்தது. 2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான சிறப்பு அவையில் இடம்பெற்றபோது, பழைய நால்வரும் ஒரே மேடையில் கூடி ஒரு பாடலை இசைத்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்தது இதனைத்தான். தலை நரைத்துவிட்டது, மெட்டு நரைக்கவில்லை.

பெரியவரைச் சந்தித்து இவ்வளவையும் கூறினோம். தேநீர் ஆறும்வரை பொறுமையோடு கேட்டார். “இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நானும் சரியென்றிருப்பேனே” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்தப் படத்தை மட்டும் மேடையில் காட்ட வேண்டாம்” என்றும் சேர்த்துக்கொண்டார். அதில் அவரோடு நமக்கு மாறுபாடு இல்லை.

மாணவர் போட்டியில் வேறொரு பாடலைப் பாடினார், பரிசு கிட்டவில்லை. அவரை அழைத்து, அன்று என்ன சொல்ல வாயெடுத்தீர் என்று கேட்டோம். “அது ஒரு மரபுத்தொடர் ஐயா, அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றார். மேசையிலிருந்த கோப்பில் பழைய பட்டியலைத் தேடி எடுத்து, அவர் முன்னிலையிலேயே சிவப்புக் கோட்டின் மேல் ‘ஏற்கப்பட்டது’ என எழுதிக் கையொப்பமிட்டோம். போட்டி முடிந்து அன்றைக்குப் பதினொரு நாள் ஆகியிருந்தது.